தூளி கட்டிய இடம்

என் மகளுக்கு வெறுங்காலோடு வாசலைத் தாண்டத் தெரியாது. அது ஒரு குறை என்பது திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

பொன்னிக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை. கனடாவின் வடகோடியில், ஒரு மரம்கூட முளைக்காத கடற்கரை ஊரில் பிறந்தவள். நாங்கள் கிளம்பிய அன்று அங்கே மே மாதத்துப் பனி என் முழங்கால் வரை கிடந்தது. உள்ளே கம்பளி வைத்த பூட்ஸோடு விமானம் ஏறியவள் வழிநெடுக அதைக் கழற்ற விடவில்லை. அவளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே நாங்கள் கற்றுக்கொடுத்த சட்டம் அது: பூட்ஸ் போடாவிட்டால் வெளியே போகக் கூடாது. கத்திரி வெயிலில், விமான நிலைய வாசலில் அந்தப் பூட்ஸோடு நின்றவளைப் பார்த்து அண்ணி சிரித்தார்.

"என்ன கௌசி, பிள்ளையைப் பட்டாளத்துல சேர்த்துட்டியா?"

அண்ணி என் கணவர் செந்திலின் அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்தவர். ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவை ஒட்டிய ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான். காரில் ஏறி ஏசியைக் குழந்தையின் பக்கம் திருப்பிவிட்டவர், காவிரிப் பாலம் வருவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"பக்கத்து ஸ்கூல்ல ப்ரீகேஜி சீட்டு சொல்லி வச்சிருக்கேன். சனிக்கிழமைக்குள்ள சரின்னு சொல்லணும். நீ எதுவும் யோசிக்காத. குழந்தை இங்க இருக்கட்டும், நான் பார்த்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் அந்தப் பனியில என்ன கட்டணுமோ கட்டிட்டு வாங்க."

நான் ஜன்னல் வழியே பார்த்தேன். பாலத்துக்குக் கீழே மணலும் நாணலும்தான் தெரிந்தன. அந்த ஆற்றின் பெயரைத்தான் மகளுக்கு வைத்திருக்கிறோம். "யோசிச்சுச் சொல்றேங்க அண்ணி" என்றேன். யோசிக்காதே என்று சொன்னவரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்வதுதான் அந்த நேரத்தில் எனக்கு முடிந்த எதிர்ப்பு.

அங்கே என்ன கட்டுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். நான் இருக்கும் ஊரிலிருந்து கடலை விட்டு உள்நாட்டுக்குள் வெகுதூரம் போனால், இன்னும் குளிரான சமவெளியில் ஒரு சுரங்கம் வருகிறது. அங்கே வேலை செய்யப் போகிறவர்களுக்கு ஒரு குடியிருப்பு வேண்டும். அதற்கு வரைபடம் போடும் சின்ன அலுவலகத்தில் நான் ஒருத்தி. எந்தப் பக்கம் வாசல் வைத்தால் பனி வந்து கதவை மூடாது, உறைந்த நிலத்தின் மேல் வீட்டை எப்படிக் கால் ஊன்றி நிறுத்துவது, சூரியனே எழாத வாரங்களில் மனிதர்கள் எங்கே போய் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் எங்கள் வேலை. செந்தில் அந்தச் சுரங்கத்தில் மின்பொறியாளர். வருகிற குளிர்காலத்தில் நாங்கள் இருவரும் அங்கே குடிபோக வேண்டும்.

நான் லீவு போட்டுக் கிளம்புகிற வாரத்தில்தான் சுரங்கக் கம்பெனியின் மேலிடத்திலிருந்து ஒரு திருத்தம் வந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் புதிய குடியிருப்பில் அனுமதி இல்லை. ஆஸ்பத்திரி தூரம், விமானம் நிச்சயமில்லை, இருட்டு. திருத்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கூட்டம் வெள்ளிக்கிழமை. இங்கே சீட்டுக்குக் கெடு சனிக்கிழமை. இரண்டு பக்கத்திலும் என் மகளை என்னிடமிருந்து பிரித்து வைக்க அக்கறையாகவே ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அக்கறையோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.

மறுநாள் மதியம் அண்ணியின் வீட்டில் ஜன்னல்களை எல்லாம் அடைத்து, திரையை இழுத்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே தரையில் படுத்திருந்தோம். பன்னிரண்டு மணிக்கு மேல் தெருவில் ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. கீழே தண்ணீர் லாரி வந்து நின்ற சத்தம் கேட்டதும் எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்தன. அண்ணி இரண்டு குடம் கூடுதலாகப் பிடித்து, அதில் ஒன்றை மாடிக்குக் கொண்டுபோய் மொட்டைமாடித் தரையில் கொட்டினார். அப்படிக் கொட்டினால்தான் இரவு வீட்டுக்குள் படுக்க முடியுமாம்.

"அங்க சூரியனே வராதாமே ஒன்றரை மாசம். மனுஷன் வாழற இடமா அது?" என்று கேட்டுக்கொண்டே காலிக் குடத்தோடு இறங்கி வந்தார். உள்ளங்கால் சுட்டு ஒரு காலில் தத்தித் தத்தி வந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரிலும் வீட்டுக்கு வீடு லாரியில்தான் தண்ணீர் வரும். நிலத்தடியில் குழாய் போட்டால் உறைந்துவிடும். டிசம்பர் மாதத்தில் நாங்களும் இப்படித்தான் திரையை இழுத்துவிட்டு உள்ளே கிடக்கிறோம். அண்ணியிடம் அதைச் சொன்னேன்.

"அதுவும் இதுவும் ஒண்ணா? இங்க ஆஸ்பத்திரி அஞ்சு நிமிஷம். அன்னிக்கு இவளுக்கு மூச்சுத் திணறினப்ப பிளேன் இறங்க முடியலன்னு செந்தில் சொன்னானே. அதை மறந்துட்டியா?"

மறக்கவில்லை. குரைப்பது போல் ஒரு இருமல், இழுத்து இழுத்து வந்த மூச்சு, ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாத புயல். எங்கள் ஊர் நர்ஸ் போனில் டாக்டரைக் கேட்டுக் கேட்டு மருந்து கொடுத்தார். விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் மூச்சு சீரானது. குழந்தையின் கழுத்தில் அரும்பியிருந்த வியர்க்குருவுக்குப் பவுடர் போட்டுக்கொண்டே, நான் சண்டை போடுவது இவளுக்காகவா, என் வரைபடத்துக்காகவா என்று கேட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலம் செந்தில் போனில் "அக்கா சொல்றதும் சரிதானோன்னு தோணுது கௌசி" என்றபோது, எனக்குள் இருந்த அதே சந்தேகத்தை அவர் வாயிலிருந்து கேட்கப் பிடிக்கவில்லை. "தோணினா தோணட்டும்" என்று போனை வைத்துவிட்டேன்.

பொன்னிக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. தயிர்சாதத்தை இரண்டு கையாலும் அள்ளிச் சாப்பிட்டாள். தெருமுனையில் ஓலையில் கட்டித் தந்த நுங்கை விரலால் குத்திப் பார்த்து, தண்ணீர் முகத்தில் பீய்ச்சியதும் ஓவென்று சிரித்து, இன்னொன்று கேட்டாள். அங்கே அவளுக்குக் கிடைக்கும் வாழைப்பழம் விமானத்தில் கறுத்துத்தான் வரும். இங்கே மஞ்சளாக ஒரு சீப்பைப் பார்த்ததும் அது பழம் என்றே நம்பவில்லை.

வியாழக்கிழமை பெரிய கோயிலுக்குப் போனோம். செருப்பு விடும் இடத்தில் பூட்ஸைக் கழற்றக் கை வைத்ததுதான் தாமதம், பொன்னி போட்ட அலறலில் புறாக்கள் பறந்தன. வெளியே நின்றுகொண்டு பூட்ஸைக் கழற்றுவது அவள் அறிந்த உலகத்தில் நடக்கவே கூடாத காரியம். கழற்றினால் விரல் கறுத்துப் போகும் என்று பயமுறுத்தி வைத்திருந்தவள் நான்தான். அண்ணி அவளைத் தூக்கிக்கொண்டு, "பாரு, எல்லாரும் வெறுங்கால்தான்" என்று சமாதானம் சொல்லி, கொஞ்ச தூரம் போய் வெயில் விழும் கல்தரையில் இறக்கிவிட்டார். இறக்கிய வேகத்தில் பொன்னி துள்ளி அவர் புடவையைப் பிடித்து மேலே ஏறினாள். கல் கொதித்துக்கொண்டிருந்தது. பயம் தப்பு, ஆனால் கால் சொன்னது சரி.

எதிரே வந்த ஒரு மாமி நின்றார். "குழந்தைக்குக் கால் பொரியறதோன்னோ, அந்த வெள்ளைக் கோட்டு மேல விடுங்கோ. எதுக்குப் போட்டிருக்கா?"

அப்போதுதான் கவனித்தேன். கல்தரையின் நடுவே ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு வெள்ளைப் பூச்சுப் பூசிப் பாதை விட்டிருந்தார்கள். சூடு ஏறாத பூச்சு. பொன்னியை அதில் நிற்க வைத்தேன். ஒரு காலை வைத்துப் பார்த்தாள், பிறகு மறுகாலை. பிறகு வலது கையை உயர்த்தி, இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு நேராக நடக்க ஆரம்பித்தாள்.

"என்னடி பிடிச்சுக்கற காத்துல?" என்றார் அண்ணி.

எனக்குத் தெரியும். புயல் அடிக்கும்போது எங்கள் ஊரில் வீட்டுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே கயிறு கட்டிவிடுவோம். கை நீட்டினால் கை தெரியாத வெள்ளையில் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பெரியவர்களுக்கு இடுப்பு உயரத்தில் ஒன்று, குழந்தைகளுக்குத் தாழ்வாக இன்னொன்று. ஒரு வழி போட்டுத் தந்தால் கயிறும் இருக்கும் என்று அவள் நினைத்துவிட்டாள். திருத்தம் வந்தபோது புதிய குடியிருப்பின் வரைபடத்தில் தாழ்வான கயிற்றைத்தான் முதலில் கோடு போட்டு அடித்திருந்தார்கள். குழந்தைகள் இல்லாத இடத்தில் அது எதற்கு?

பிரகாரம் முழுக்க எனக்கு அந்த நினைப்புதான். உள்ளே சேவித்து முடித்து வெளியே வந்தபோது எதை வேண்டிக்கொண்டேன் என்றுகூட நினைவில்லை. எதையும் வேண்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன். கோபமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில், துறையூரைத் தாண்டி உப்பிலியபுரம். என் பிறந்த வீடு அங்கே. பச்சைமலை அடிவாரத்தில், வயலுக்கு நடுவே செந்தில் வீட்டுக் குலசாமி கோயிலும் அங்கேதான். பொன்னிக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். கார் பிடிக்கலாம் என்று நான் சொன்னதற்கு அண்ணி, "பஸ்ல போனா காத்தாவது வரும், உன் கார்ல டிரைவர் ஏசி போட மாட்டான்" என்றுவிட்டார். நான் பெரிய பை ஒன்று எடுத்துக்கொண்டேன். தண்ணீர், பிஸ்கட், உப்புச் சர்க்கரைக் கரைசல், டார்ச் லைட், மாற்றுத் துணி, ஒரு போர்வை. வடக்கே ஊர் எல்லையைத் தாண்டினால் இதெல்லாம் இல்லாமல் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள்.

"துறையூருக்குப் போறோமா, இமயமலைக்கா?" என்றார் அண்ணி. கண்டக்டர் பையைப் பார்த்து, "லக்கேஜ் போடணுமேக்கா" என்றார். போர்வையைப் பார்த்துப் பக்கத்து சீட்டுப் பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மொட்டை நல்லபடியாக நடந்தது. கோயிலில் பூட்ஸைக் கழற்ற வேண்டும் என்றதும் பொன்னி தன் மாமனின், அதாவது என் அண்ணனின், தோளில் ஏறிக்கொண்டாள். அவன் மடியில் உட்கார்ந்து முடி இறக்கியபோதும் காலைத் தரையில் படாமல் மடக்கியே வைத்திருந்தாள். காது குத்தியதற்கு அழவில்லை. "மண்ணுல கால் வைடா தங்கம்" என்றதற்குத்தான் அழுதாள். அம்மா கிடாக்கறிக் குழம்பு ஊற்றிச் சாப்பாடு போட்டு, அண்ணிக்கு ஒரு புதுக் கைத்தறிச் சேலை வைத்துக்கொடுத்து, என்னைத் தனியே அழைத்து, "உன் நாத்தனார் சொல்றதைக் கேளு. மொட்டைத் தலையோட பனிக்குள்ள கூட்டிட்டுப் போவியா?" என்றார். முடி வளர்ந்துவிடும் என்றேன். அம்மாவுக்கு அது பதிலாகப் படவில்லை.

கூட்டம் எனக்கு மாலை ஐந்தரை மணிக்கு. அதற்குள் ஸ்ரீரங்கம் போய், தலை வாரி, மேசை போட்டு உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு மூன்று மணிக்கே பஸ் ஏறினோம். துறையூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து புகை கிளம்பியது.

"ரேடியேட்டர் கொதிக்குது. எல்லாரும் இறங்கிக்குங்க. வேற வண்டிக்குச் சொல்லியிருக்கு" என்றார் கண்டக்டர்.

"போன வாரமும் இதான் சொன்னீங்க. நான் நடந்தே வீட்டுக்குப் போயிட்டேன்" என்றார் பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா.

இறங்கினோம். இருபுறமும் அறுவடை முடிந்த வயல். ஒரு கடை இல்லை, வீடு இல்லை. சாலையோரத்தில் ஒற்றைப் புளியமரம். வெயில் அப்போதும் தணியவில்லை. ஒரு மணி நேரமாகப் பின்வந்த பஸ்கள் எல்லாம் நிரம்பி வழிந்துகொண்டு நிற்காமல் போயின. கூட்டம் போச்சு, நான் பேசாமலே முடிவாகிவிடும், எல்லாம் என்னால்தான், கார் பிடித்திருக்க வேண்டும்.

எங்களோடு இறங்கியவர்களில் கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண் இருந்தாள். குழந்தை வெயிலில் வீறிட்டுக்கொண்டிருந்தது. இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள், அடங்கவில்லை. அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தார். தன் பையைத் திறந்து, என் அம்மா அப்போதுதான் வைத்துக்கொடுத்த புதுச் சேலையை எடுத்து உதறினார். மடிப்புக்கூடக் கலையாத சேலை.

"யாராச்சும் உயரமா இருக்கறவங்க வாங்க."

கண்டக்டர் வந்தார். தாழ்ந்த கிளை ஒன்றில் சேலையை இரண்டாகப் போட்டு முடிச்சுப் போட்டார்கள். அண்ணி முழு பலத்தோடு அதில் தொங்கி இழுத்துப் பார்த்தார்.

"புளியமரத்துல பிள்ளையைப் போடலாமா? பேய் இருக்கும்பாங்க" என்றார் பூக்கார அம்மா.

"இந்த வெயில்ல அது எங்கயாச்சும் நிழல் தேடிப் போயிருக்கும். நீங்க குழந்தையைக் குடுங்க."

தூளியில் போட்டு நாலு ஆட்டு ஆட்டியதும் குழந்தை அடங்கியது. நான் நின்றுகொண்டிருந்தவள், நடந்ததைப் பார்த்தேன். வரைபடம் போடுகிறவளின் கண்ணால் பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும். அதுவரை சாலை நெடுகச் சிதறி நின்று கண்டக்டரைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தூளியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவர் துண்டை விரித்தார். பூக்கார அம்மா கூடையிலிருந்த ஈரத்துணியைத் தூளியின் மேல் போட்டார். ஆட்டுவதற்கு ஆள் முறை வைத்துக்கொண்டார்கள். எங்கள் பையிலிருந்த பிஸ்கட் சுற்றி வந்தது. போர்வையைப் பார்த்துச் சிரித்த பெண்ணே அதில் உட்கார்ந்திருந்தார். யாரும் யாருக்கும் திட்டம் போட்டுத் தரவில்லை. கால் மணி நேரத்துக்கு முன்பு அங்கே ஒரு மரமும் ரிப்பேரான பஸ்ஸும்தான் இருந்தன.

போன் அடித்தது. சிக்னல் இரண்டு கோடு. கூட்டம் தொடங்கிவிட்டது.

திரையில் மார்ட்டின் தெரிந்தார். எங்கள் அலுவலகத் தலைவர், நல்ல மனிதர். பக்கத்தில் சுரங்கக்காரர்கள் இரண்டு பேர். ஓரத்தில் லூசி. லூசி அந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இனுயிட் மக்களில் ஒருவர். திட்டத்தில் ஊர்க்காரர்களின் சார்பில் உட்கார்ந்திருப்பவர், அவர் கையெழுத்து இல்லாமல் எந்த மாற்றமும் செல்லாது. எனக்கு அது எட்டாத தூரத்து இடம். அவருக்குச் சொந்த ஊர்.

"எங்கே இருக்கீங்க? பின்னாடி என்ன சத்தம்?" என்றார் மார்ட்டின்.

"பஸ் ரிப்பேர். ரோட்டில் இருக்கிறேன். பேசலாம்."

அவர் திருத்தத்தை வாசித்தார். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றுகூடப் பொய்யில்லை. மூச்சுத் திணறிய என் மகளையே உதாரணம் காட்டினார், பெயர் சொல்லாமல். அழுகிற மாதிரி வந்தது. பிறகு அழுவதற்குப் பதிலாகக் கோபம் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

"நீங்க சொன்ன எல்லாப் பயமும் எனக்கு உண்டு, மார்ட்டின். உங்களைவிட அதிகம் உண்டு. ஆனா குழந்தைகளை எடுத்துட்டா பயம் போயிடுமா? அப்பவும் டாக்டர் தூரத்துலதான் இருப்பார். அறுபது வயசு வெல்டருக்கு நெஞ்சு வலிச்சாலும் பிளேன் வராது. குழந்தை இருந்தா, குழந்தை வைத்தியம் தெரிஞ்ச நர்ஸ் வேணும்னு நீங்களே கேட்பீங்க. அந்த நர்ஸ் எல்லாருக்கும் உதவுவார். குழந்தை இல்லன்னா யாரும் எதையும் கேட்க மாட்டீங்க. ஆண்கள் வந்து வேலை செஞ்சுட்டுத் திரும்பிப் போற இடத்துக்கு முகாம்னு பேரு. முகாம் வேணும்னா என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டாம். கூடாரம் விக்கறவங்களைக் கூப்பிட்டிருக்கலாம்."

சுரங்கக்காரர்களில் ஒருவர், இது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்றார். வரைபடத்தைப் பற்றிப் பேசலாமே என்றார்.

"பேசலாம்" என்று கேமராவைத் திருப்பினேன்.

"இந்த மரத்தைப் பாருங்க. அரை மணி நேரத்துக்கு முன்னாடி இங்க யாரும் இல்ல. நாற்பது டிகிரிக்கு மேல வெயில். தண்ணி கிடையாது. இவங்க ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவங்க. முதல்ல என்ன செஞ்சாங்க தெரியுமா? அந்தக் குழந்தைக்கு இடம் பண்ணினாங்க. மத்தவங்க எல்லாம் அதைச் சுத்தித்தான் உட்கார்ந்தாங்க. நம்ம வரைபடத்துல அந்த இடத்தைத்தான் நீங்க அழிக்கச் சொல்றீங்க."

திரையில் முகங்களைப் பார்த்த பூக்கார அம்மா எட்டிப் பார்த்துக் கையசைத்தார். "யாருங்க, வெள்ளைக்காரங்களா? சாப்பிட்டாங்களான்னு கேளுங்க."

அவர்களுக்கு அப்போது காலை எட்டு மணி. சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார் என்று சொன்னேன். மார்ட்டின் இல்லை என்று தலையாட்டினார். லூசி தூளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

"அது எங்ககிட்டயும் இருக்கு. எங்க நாட்டுல மரம் கிடையாது. அதனால அதை முதுகுல தைச்சுக்கிட்டோம்." குழந்தையைப் போட்டுக்கொள்ள முதுகில் பை வைத்துத் தைக்கும் அவர்கள் பெண்களின் குளிர்ச்சட்டையைச் சொன்னார். பிறகு சிரிப்பு இல்லாமல் சொன்னார்: "என் அம்மா அந்தச் சமவெளியிலதான் பிறந்தாங்க. இப்ப நீங்க குழந்தை பிறக்கக் கூடாதுன்னு கோடு போடற அதே இடத்துல. நான் இந்தத் திருத்தத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

சிக்னல் போய் வந்தது. திரும்பி வந்தபோது அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மார்ட்டின் சொன்னார்: குடும்ப வீடுகள் வரைபடத்தில் இருக்கட்டும். பயிற்சி பெற்ற நர்ஸும் இருக்கட்டும். முதல் குளிர்காலம் முடியும் வரைக்கும் சோதனை. ஆனால் குழந்தையோடு ஒரு குடும்பமாவது முதலில் வந்தால்தான் இது நிற்கும்.

"நீங்க உங்க மகளோட வருவீங்களா, கௌசல்யா?"

தூளிக்குப் பக்கத்தில் மொட்டைத் தலையும் பூட்ஸுமாகப் பொன்னி நின்று தன் முறைக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். "மெதுவா, மெதுவா" என்று அண்ணி அவள் கையைப் பிடித்திருந்தார். அந்த ஒரு நொடியில் எத்தனை வகையாகத் தவறாகப் போகலாமோ அத்தனையும் நினைத்தேன்.

"வருவோம்" என்றேன்.

மாற்று பஸ் வந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது விளக்கு போட்டுவிட்டார்கள். ஒரு கடையில் பொன்னிக்கு இட்லி வாங்கி ஊட்டினோம். பஸ்ஸில் வழியெல்லாம் அண்ணி ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். கணக்கு டீச்சருக்கு ஆங்கிலம் புரியாதா என்ன? நான் மரத்தடியில் பேசியது முழுக்க அவர் காதில் விழுந்திருந்தது.

"என்னைக் கேக்காமலே முடிவு பண்ணிட்ட" என்றார் இட்லியைப் பிட்டுக்கொண்டே.

"ஆமாங்க அண்ணி."

"செந்திலையும் கேக்கல."

"இல்ல. இன்னிக்குச் சொல்லிடுவேன்."

"பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா நான் அங்க இருப்பேன் அண்ணி. அதுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன். இங்க விட்டுட்டுப் போனா, இவளுக்கு ஒண்ணு ஆனா நான் வந்து சேர எத்தனை பிளேன்?"

அதை அப்படிச் சொல்லுவேன் என்று நானே நினைக்கவில்லை. அண்ணி சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடிந்துபோன முகம். அவருடைய வீடு எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதை நான் அந்த வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்காக விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் என் இட்லியை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

சனிக்கிழமை அவர் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து சீட்டு வேண்டாம் என்று சொன்னார். என் முன்னால் சொல்லவில்லை, பால்கனியில் நின்று சொன்னார். பிறகு உள்ளே வந்து, துவைத்துக் காயவைத்த அந்தக் கைத்தறிச் சேலையை மடித்து என் பெட்டியில் வைத்தார். புளியங்கிளையின் கறை ஒரு ஓரத்தில் போகாமல் இருந்தது.

"உன் வரைபடத்துல உத்தரம் போட்டிருக்கியா?"

"என்ன உத்தரம்?"

"தூளி கட்ட. இவளுக்கு வயசு தாண்டிடுச்சு. வேற யாருக்காவது பிறக்குமில்ல. கொக்கியாவது வை. ஆள் தொங்கினாலும் தாங்கற மாதிரி."

இல்லை. வைக்கவில்லை. அந்த வீடுகளின் கூரை மெல்லிய தகட்டுப் பலகை. அன்றே மார்ட்டினுக்கு எழுதினேன். முந்தின இரவே போனில் சம்மதம் சொல்லியிருந்த செந்திலுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

கிளம்பிய நாள் திருச்சியில் வெயில் இன்னும் ஏறியிருந்தது. இடையிலிருந்த கொஞ்ச நாளில் பொன்னி வெறுங்காலோடு வீட்டுக்குள்ளும் வராந்தாவிலும் ஓடப் பழகிவிட்டிருந்தாள். மணிகண்டம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மண்ணில்கூட நின்றாள். விமான நிலையம் வந்ததும் நான் அவளுக்குச் செருப்பு மாட்டப் போனேன். பூட்ஸ் கைப்பையில் இருந்தது. போய் இறங்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். இத்தனை பேர் நடுவில் எதற்கு என்று தயக்கம்.

"எங்க அது?" என்று அண்ணி என் பையைப் பிடுங்கித் திறந்தார். பூட்ஸை எடுத்தார். வாசலில் தரையில் மண்டியிட்டு, பொன்னியின் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, பட்டையை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டினார். இறுக்கம் சரியா என்று விரல் விட்டுப் பார்த்தார். அவருக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. இத்தனை நாளும் நான் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

வரிசையில் நின்ற ஒருவர் குனிந்து பார்த்தார். "என்னம்மா இது, இந்த வெயில்ல குழந்தைக்கு இவ்வளவு பெரிய ஷூ?"

அண்ணி தலையை நிமிர்த்தவில்லை. கடைசிப் பட்டையை மாட்டி முடித்தார்.

"அவ ஊருக்குப் போறா" என்றார்.